மார்கழிப் பனியில் படகின் உட்புறப் பூச்சு: ஒரு பெயின்டிங் குழுவின் பன்னிரண்டு நாள் வேலை

எங்கள் குடும்பத்தின் 42 அடி மர விசைப்படகுக்குச் சென்ற மார்கழியில் கேபின், இன்ஜின் ரூம், ஐஸ் பெட்டி ஆகிய மூன்றின் உட்புறத்தையும் மண்டபம் பக்கத்திலிருந்து வந்த மூன்று பேர் கொண்ட ஒரு குழு பூசிக் கொடுத்தது. இவர்களுக்குக் கடையும் இல்லை, பெயர்ப்பலகையும் இல்லை. ஒரு மேஸ்திரியும் அவருடன் வரும் இரண்டு இளைஞர்களும்தான் குழு. துறைமுகத்தில் யாரிடமாவது கேட்டால் கைகாட்டி விடுவார்கள். வேலை முடிந்து பத்து மாதங்கள் கடந்துவிட்டன. அதற்குள் படகு பலமுறை கடலுக்குப் போய்த் திரும்பியிருக்கிறது, ஐஸ் பெட்டி பலமுறை நிறைந்து காலியாகியிருக்கிறது, மீன்பிடித் தடைக்காலமும் வந்து போயிருக்கிறது. ஒரு பூச்சைப் பற்றி நம்பிக்கையோடு பேசுவதற்கு இவ்வளவு காலமாவது கடந்திருக்க வேண்டும் என்பதால்தான் இந்த மதிப்பீட்டை இப்போது எழுதுகிறேன்.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. பழுது பார்ப்பதும் பெயின்ட் அடிப்பதும் அந்த நாள்களில்தான் நடக்கும் என்பது நம் பகுதியில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். எனக்கு அதுவரை காத்திருக்க முடியவில்லை. ஐப்பசி மழையில் கேபின் கூரை ஒழுகி, அதன் கீழிருந்த இரண்டு பலகைகள் உளுத்துவிட்டன. ஐஸ் பெட்டியின் உள்ளே ஒட்டியிருந்த ஃபைபர் பூச்சிலும் விரிசல் விழுந்திருந்தது. ஓடாவி (படகுத் தச்சர்) பலகையை மாற்றிக் கொடுத்த பிறகு அந்தப் புது மரத்தை வெறுமனே விட்டுக் கடலுக்குப் போவது சரியாக இருக்காது. பொங்கலுக்குப் பிறகு தொழிலுக்குப் போயாக வேண்டும் என்ற நெருக்கடியும் இருந்ததால், மண்டபம் தென்கடல் கரையில் படகை ஏற்றி, மார்கழி ஐந்தாம் நாள் வேலையைத் தொடங்கினோம்.

குளிர்காலத்தில் பூசுவதற்கு எனக்கிருந்த அச்சத்திற்குக் காரணம் உண்டு. மூன்று ஆண்டுகளுக்கு முன் இதே மாதத்தில் வேறொருவர் இதே படகின் உட்புறத்திற்குப் பெயின்ட் அடித்தார். பகலில் வேறு வேலைக்குப் போய்விட்டு மாலை ஐந்து மணிக்கு வந்து, விளக்கு வெளிச்சத்தில் எட்டு மணி வரை அடித்துவிட்டுப் போனார். மறுநாள் காலையில் கேபின் சுவரைப் பார்த்தபோது, பளபளப்பாக இருக்க வேண்டிய எனாமல் சுண்ணாம்பு பூசியது போல் மங்கி வெளுத்திருந்தது. ஒரு மாதத்திற்குள் ஐஸ் பெட்டியில் கொப்புளங்கள் எழுந்தன. நகத்தால் நெம்பினால் வெங்காயத் தோல் போல் உரிந்து வந்தது. கணவாய்ப் பெட்டியில் பெயின்ட் செதில்கள் கிடந்ததைக் கண்ட வியாபாரி அந்த முறை விலையைக் குறைத்தார். அவர் குறைத்தது நியாயம் என்பதால் நான் வாதிடவில்லை. அந்தப் பூச்சை முழுவதும் சுரண்டி எடுக்க ஆன செலவு, பூசிய செலவைவிட அதிகம்.

அப்போது நான் குளிரைக் குறை சொன்னேன். இப்போது விவரம் தெரிந்த பிறகு, குளிர் என்ற சொல்லை நாம் இங்கே தவறாகப் பயன்படுத்துகிறோம் என்று தோன்றுகிறது. எபாக்ஸிப் பெயின்ட் பொதுவாக 10 டிகிரி செல்சியசுக்குக் கீழே போனால்தான் இறுகத் திணறும். பனி உறையும் நாடுகளில் படகு வைத்திருப்பவர்களுக்கு அதுதான் கவலை. நம் கரையில் மார்கழி விடியலிலும் வெப்பம் அந்த அளவுக்கு ஒருநாளும் இறங்குவதில்லை. இங்கே பூச்சைக் கெடுப்பது குளிரோடு சேர்ந்து வரும் ஈரம். இரவில் தெளிந்த வானத்தின் கீழ் நிற்கும் படகின் பலகையும் ஃபைபரும் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடுகின்றன. கடலிலிருந்து வரும் ஈரக்காற்று அந்தக் குளிர்ந்த பரப்பைத் தொட்டதும் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நீர்ப்படலமாகப் படிகிறது. 'தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்' என்று பெரியவர்கள் சொல்வார்கள். மச்சைத் துளைக்கும் பனி படகின் கேபின் கூரையை மட்டும் விட்டுவைக்குமா?

முதல் நாள் காலை ஏழு மணிக்கு மேஸ்திரி வந்து கேபினுக்குள் நுழைந்தார். புறங்கையைப் பலகையில் வைத்துப் பார்த்தார். ஒரு துணியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, பலகையில் ஓர் உள்ளங்கை அகலத்திற்குத் துடைத்துவிட்டு அருகில் உட்கார்ந்தார். கால் மணி நேரம் கழித்தும் அந்த ஈரம் காயவில்லை. "தம்பி, பலகை வேர்த்திருக்கு. இப்போதைக்குப் பெயின்ட்டைப் பத்திப் பேச வேணாம்" என்றார். எங்கள் படகுக்கு வந்த எந்தப் பெயின்டரும் அதுவரை வேலை வேண்டாம் என்று சொன்னதில்லை. இந்தக் குழுவின் மீது எனக்கு நம்பிக்கை பிறந்தது அந்த நிமிடத்தில்தான்.

அவருடைய கையும் துணியும் சொன்னதை ஒரு கருவியிலும் பார்த்துவிட வேண்டும் என்று, காற்றின் ஈரப்பதம் காட்டும் சிறிய டிஜிட்டல் மீட்டர் ஒன்றும், பரப்பின் வெப்பத்தைத் தொடாமலே அளக்கும் தெர்மாமீட்டர் ஒன்றும் வாங்கிக்கொண்டேன். ஒரு நாள் காலை ஏழு மணிக்குக் கேபினுக்குள் காற்று 24 டிகிரி, ஒப்பு ஈரப்பதம் 92 விழுக்காடு. அந்த நிலையில் காற்றிலுள்ள நீராவி பனியாக மாறும் வெப்பநிலை, அதாவது பனிப்புள்ளி, ஏறத்தாழ 22.6 டிகிரி. பலகையின் வெப்பமோ 23 டிகிரி. இடைவெளி அரை டிகிரிகூட இல்லை. பூசும் பரப்பு பனிப்புள்ளியைவிடக் குறைந்தது 3 டிகிரி அதிகமாக இருக்க வேண்டும், ஈரப்பதம் 85 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பது கப்பல் பூச்சு வேலையில் பொதுவாகக் கடைப்பிடிக்கப்படும் விதி. அதே நாள் நண்பகலில் காற்று 28 டிகிரிக்கு ஏறி, ஈரப்பதம் 75 விழுக்காட்டுக்கு இறங்கியிருந்தது. பனிப்புள்ளி 23 டிகிரி, பலகை 27 டிகிரி. இப்போது இடைவெளி நான்கு டிகிரி. மேஸ்திரியின் ஈரத்துணியும் அந்த நேரத்தில் ஐந்தே நிமிடத்தில் காய்ந்துவிட்டது. அடுத்தடுத்த நாள்களிலும் துணியும் மீட்டரும் ஒன்றையொன்று மறுக்கவே இல்லை.

இந்தக் கணக்கிலிருந்து வேலை நேரம் தானாக அமைந்தது. காலை பத்தரைக்குப் பிறகு பூசத் தொடங்கிப் பிற்பகல் இரண்டரைக்குள் தூரிகையைக் கீழே வைத்துவிட வேண்டும். மூன்றரை மணிக்குப் பிறகு வாடைக்காற்று குளிர்ந்து வீசத் தொடங்கும்போது, பூச்சின் மேற்பரப்பாவது தொட்டால் ஒட்டாத அளவுக்கு இறுகியிருக்க வேண்டும். ஒரு நாளில் நான்கு மணி நேரமே பூச்சு வேலை நடக்கும் என்பதைக் கேட்டு முதலில் எனக்குக் கசப்பாகத்தான் இருந்தது. நாள் கூலிக்கு ஆள் வைத்திருக்கும் எவருக்கும் அப்படித்தான் இருக்கும். ஆனால் மேஸ்திரி அதற்கு நேர்மையான ஒரு வழி சொன்னார். கழுவுதல், தேய்த்தல், பூசுதல் நடக்கும் நாள்களுக்கு முழுக் கூலி. காய வைப்பதற்காக மட்டும் வந்து போகும் நாள்களுக்கு அரைக் கூலி. மேஸ்திரிக்கு நாளுக்கு 1,100 ரூபாய், மற்ற இருவருக்கும் தலா 900 ரூபாய். முழு நாள்கள் எட்டு, அரை நாள்கள் நான்கு. மொத்தக் கூலி 29,000 ரூபாய். பெயின்ட், தின்னர், உப்புத்தாள், தூரிகை, வாங்கிய நல்ல தண்ணீர் ஆகியவற்றுக்குக் கூலியைவிடச் சற்று அதிகம் ஆனது.

நல்ல தண்ணீரைச் செலவுக் கணக்கில் சேர்த்ததை வெளியூர்க்காரர்கள் வியப்பாகப் பார்க்கக்கூடும். இந்தக் கரையில் நல்ல தண்ணீர் விலைக்கு வாங்கும் பொருள். கிடைக்கும் உவர்நீரிலேயே கழுவிவிடலாம் என்ற எண்ணம் யாருக்கும் வரும். அந்த இடத்தில்தான் பெரும்பாலான உட்புறப் பூச்சுகள் தோற்கின்றன. மரத்திலும் ஃபைபரிலும் படிந்திருக்கும் உப்பு காற்றிலுள்ள ஈரத்தைத் தன்பால் இழுத்துக்கொண்டே இருக்கும். அதன் மேல் பூச்சு விழுந்துவிட்டால், உப்பு பூச்சைக் கடந்தும் நீரை உள்ளே இழுத்துக் கொப்புளமாக்கும். மூன்று ஆண்டுகளுக்கு முன் என் ஐஸ் பெட்டியில் எழுந்த கொப்புளங்களைக் குத்தியபோது உள்ளிருந்து வடிந்த நீர் உப்புக் கரித்தது ஏன் என்று எனக்கு இப்போதுதான் புரிகிறது. இந்தக் குழு முதல் இரண்டு நாள்களும் நல்ல தண்ணீரில் சோப்புத்தூள் கரைத்துக் கழுவியது. இன்ஜின் ரூமில் டீசலும் ஆயிலும் ஊறிய இடங்களை மூன்று முறை கழுவினார்கள். படகின் விலா எலும்புகள் போன்ற வங்குகளுக்கு இடையில் கை நுழையாத சந்துகளில் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷை விட்டுத் தேய்த்தார்கள்.

பழைய பெயின்ட்டைச் சுரண்டும்போது மேஸ்திரி ஈரத்துணியால் நனைத்து நனைத்துச் சுரண்டச் சொன்னார். தூசி பறக்கக்கூடாது என்பதே அவர் சொன்ன காரணம். எனக்கு இன்னொரு காரணமும் தெரியும். வீட்டுப் பெயின்ட்களில் ஈயத்தின் அளவு 90 பி.பி.எம்.முக்குள், அதாவது பத்து லட்சத்தில் 90 பங்குக்குள், இருக்க வேண்டும் என்ற விதி நம் நாட்டில் நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். அதற்கு முன் அடித்த பூச்சுகள் எங்கள் கேபினில் அடுக்கடுக்காக இருந்தன. அந்தத் தூசியை மூடிய அறைக்குள் நின்று மூச்சில் இழுப்பது பெரிய தீங்கு.

அடுத்த நான்கு நாள்கள் காய்வதற்காக மட்டும். ஐஸ் பெட்டிதான் எங்களைக் காக்க வைத்தது. மாதக்கணக்கில் ஐஸ் கிடந்த பெட்டி, வெளியே வெயில் அடித்தாலும் உள்ளே நெடுநேரம் குளிர்ந்தே இருக்கும். விரிசல் விழுந்த இடத்தில் துளையிட்டுப் பார்த்தபோது, ஃபைபருக்குப் பின்னாலிருந்த தெர்மோகோல் தண்ணீரில் ஊறிக் கிடந்தது. மேலே எவ்வளவு நல்ல பெயின்ட் அடித்தாலும் அந்தத் தண்ணீர் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வந்திருக்கும். இரண்டு அடி நீளத்திற்கு வெட்டி எடுத்துப் புதுத் தெர்மோகோல் வைத்து மூடினோம். இந்தப் பழுதைக் கண்டுபிடித்தது என் பார்வையில் அந்தக் குழு செய்த வேலைகளிலேயே மதிப்பு மிக்கது. பெயின்ட் அடிக்க வந்தவர்கள் பெயின்ட்டை மட்டும் பார்க்காமல் அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தேடியதற்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

காய்வதை விரைவுபடுத்த மண்ணெண்ணெய் அடுப்பை ஏற்றி ஐஸ் பெட்டிக்குள் வைக்கலாமா என்று நான்தான் கேட்டேன். மேஸ்திரி உடனே மறுத்தார். "அடுப்பு வெச்சா சூடு வரும், ஆனா பலகை இன்னும் வேர்க்கும் தம்பி" என்றார். அவர் அனுபவத்தில் கண்டது வேதியியலிலும் சரிதான். ஒரு லிட்டர் மண்ணெண்ணெய் எரிந்தால் ஒரு லிட்டருக்குச் சற்று அதிகமான தண்ணீர் ஆவியாகக் காற்றில் கலக்கிறது. மூடிய அறைக்குள் அந்த ஆவி முழுவதும் குளிர்ந்த சுவரில்தான் போய்ப் படியும். அதோடு உயிரைப் பறிக்கும் கார்பன் மோனாக்சைடும் சேரும். அவர்கள் பயன்படுத்தியது கரையிலிருந்து மின்கம்பி இழுத்து எரித்த இரண்டு ஹாலஜன் விளக்குகளும், மேல்தளத்தில் வைத்த ஒரு புளோயரும். மாலை மூன்றரை மணிக்கு மேல்வாயையும் கேபின் கூரையையும் தார்ப்பாயால் மூடி, உள்ளே விளக்கு எரியவிட்டால், விடியலில் பரப்பின் வெப்பம் பனிப்புள்ளியைவிட நான்கைந்து டிகிரி மேலேயே நின்றது. பூச்சு வேலை தொடங்கிய பிறகு அந்த விளக்குகளை உள்ளே கொண்டுபோக மேஸ்திரி ஒருமுறைகூட அனுமதிக்கவில்லை. தின்னர் ஆவி இருக்கும் இடத்தில் சூடான ஹாலஜன் விளக்கை வைப்பது தீயை அழைப்பதாகும்.

ஆறாம் நாள் மாலை, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாள் ஒன்றைப் புதுப்பலகையின் மேல் நான்கு பக்கமும் டேப் ஒட்டி விட்டுப் போனார்கள். மறுநாள் அதன் உட்பக்கத்தில் நீர்த்துளி இல்லை. மரம் தன்னுள் வைத்திருந்த ஈரம் போதுமான அளவுக்கு வெளியேறிவிட்டது என்பதற்கு அது அடையாளம். அன்று முழுவதும் உப்புத்தாளால் தேய்த்து, விரிசல்களை எபாக்ஸிப் பட்டியால் நிரப்பினார்கள். எட்டாம் நாள்தான் முதல் பிரைமர், அதாவது அடிப்பூச்சு.

பெயின்ட்டைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். ஐஸ் பெட்டிக்கு உணவுப்பொருள் படும் இடத்திற்கு ஏற்றது என்று டப்பாவில் குறிப்பிட்டிருந்த, கரைப்பான் இல்லாத டூ-பேக் எபாக்ஸி, அதாவது பெயின்ட்டும் அதை இறுகச் செய்யும் ஹார்டனரும் தனித்தனி டப்பாவில் வந்து, அடிக்கும் முன் கலக்கப்படுவது. இன்ஜின் ரூமுக்குச் சாதாரண எபாக்ஸிப் பிரைமரும் அதன் மேல் வெளிர் சாம்பல் நிற எபாக்ஸியும். கேபினுக்கு மரப் பிரைமரும் வெள்ளை எனாமலும். நிறுவனப் பெயரை எழுதாததற்குக் காரணம், இந்த வகைகளை நாலைந்து நிறுவனங்கள் ஏறக்குறைய ஒரே தரத்தில் விற்கின்றன. பனிக்காலத்தில் வேறுபாட்டை உண்டாக்குவது டப்பாவின் பெயரைவிட அதைக் கையாளும் முறைதான். டூ-பேக் பாலியூரித்தேன் அடித்தால் கேபின் கார் போலப் பளபளக்கும் என்று கடையில் சொன்னார்கள். நான் மறுத்துவிட்டேன். அதன் ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் ஈரத்தோடு வினைபுரிந்து வாயுவை வெளியிட்டுப் பூச்சில் குமிழ்களை உண்டாக்கும். மூடிய கேபினுக்குள் அதன் ஆவி நுரையீரலுக்கும் கேடு. நான்கு பேர் படுத்துறங்கும் இடத்திற்குப் பளபளப்பு அவ்வளவு அவசியமில்லை.

எபாக்ஸியைக் குழு கையாண்ட விதத்தை நிறைவோடு பாராட்டுகிறேன். டப்பாக்களை இரவில் மணலில் விடாமல் வீட்டுக்கு எடுத்துச் சென்றார்கள். காலையில் ஒரு மணி நேரம் இளவெயிலில் வைத்த பிறகே திறந்தார்கள். குளிர்ந்த பெயின்ட் கெட்டியாக இருக்கும். அதை இளக்கத் தின்னரை ஊற்றினால், காற்றோட்டம் குறைந்த பெட்டிக்குள் அந்தத் தின்னர் வெளியேறாமல் பூச்சுக்குள்ளேயே தங்கி, பூச்சு பல நாள்கள் மெத்தென்றே கிடக்கும். எங்கள் டப்பாவில் கலவை பெயின்ட் நான்குக்கு ஹார்டனர் ஒன்று. குளிர்காலம் என்பதால் ஹார்டனரைக் கொஞ்சம் கூட்டிப் போட்டால் சீக்கிரம் இறுகும் என்று பலர் நம்புகிறார்கள். எபாக்ஸியில் அந்தக் கணக்கு செல்லாது. கூடுதல் ஹார்டனர் வினைபுரிய ஆள் கிடைக்காமல் அப்படியே நின்று பூச்சை வலுவிழக்கச் செய்யும். மேஸ்திரி இதற்காகவே அளவுக்கோடு போட்ட இரண்டு குவளைகள் வைத்திருக்கிறார். கண்ணளவாக ஊற்ற இளைஞர்களை விடுவதில்லை. கலக்கிய பிறகு கால் மணி நேரம் அப்படியே விட்டுவைத்து அதன் பிறகே தூரிகையை நனைத்தார். அந்த இடைவேளையில் இரண்டு பகுதிகளும் வினையைத் தொடங்கிவிட வேண்டும். வெப்பம் குறைந்த நாளில் இதைத் தவிர்த்தால் மேற்பரப்பில் பிசுபிசுப்பு வரும்.

அப்படியும் ஒன்பதாம் நாள் காலை ஐஸ் பெட்டியின் அடிப்பகுதியைத் தொட்டபோது விரலில் மெழுகு தடவியது போல் இருந்தது. இரவில் தார்ப்பாய் ஓர் ஓரத்தில் விலகி, பனிக்காற்று உள்ளே இறங்கியிருந்தது. எபாக்ஸியின் ஹார்டனர் காற்றிலுள்ள ஈரத்தோடும் கார்பன் டை ஆக்சைடோடும் சேர்ந்து உண்டாக்கும் படலம் அது. அதன் மேல் அடுத்த பூச்சை அடித்தால் இரண்டும் ஒட்டாது. உடனே உப்புத்தாளால் தேய்ப்பதும் தவறு. மெழுகு பரப்பெங்கும் இழுபட்டு, தாளும் அடைபடும். வெதுவெதுப்பான நல்ல தண்ணீரால் நாரை வைத்துத் தேய்த்துக் கழுவி, துணியால் ஒற்றி, நண்பகல் வரை காயவிட்டு, அதற்குப் பிறகே உப்புத்தாள் போட்டார்கள். என்னிடம் சொல்லாமல் மேலே அடித்து மூடியிருந்தால் அன்று எனக்குத் தெரிந்திருக்காது. மேஸ்திரியே என்னை அழைத்து விரலால் தொட்டுப் பார்க்கச் சொன்னார். தார்ப்பாய் விலகியது தன் ஆளின் தவறு என்றும் சொன்னார்.

புதுப்பலகைகளில் அவர் செய்த ஒன்று எனக்கு முதலில் புரியவில்லை. கேபின் பக்கம் தெரியும் முகத்திற்கு மட்டும் பிரைமரும் எனாமலும் அடித்தார். வங்குகளுக்கு இடையில் மறைந்திருக்கும் பகுதியைக் கனமான பெயின்ட்டால் மூடாமல் எண்ணெய் மட்டும் தடவினார். மரப்படகில் பலகை ஒரு பக்கமாவது மூச்சுவிட வேண்டும் என்பது அவர் கருத்து. மேல்தளத்திலிருந்து மழைநீர் எப்படியும் பலகைக்குள் இறங்கும். இரண்டு முகத்தையும் பிளாஸ்டிக் போல மூடிவிட்டால் அந்த ஈரம் வெளியேற வழியின்றி மரத்தை உளுக்க வைக்கும். என் தந்தை காலத்தில் படகின் உட்புறத்திற்குச் சுறா எண்ணெய்தான் தடவினார்கள். அதன் நாற்றத்தை நாங்கள் குறை சொல்லியிருக்கிறோம். ஆனால் அந்தப் படகுகளில் மரம் உள்ளுக்குள் உளுத்ததை நான் அதிகம் கண்டதில்லை.

இனிக் குறைகள். முதலாவது, முகக்கவசம். இரண்டு இளைஞர்களும் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு இன்ஜின் ரூமுக்குள் இறங்கினார்கள். தின்னர் ஆவி காற்றைவிடக் கனமானது. அது மேலே வராமல் குழியின் அடியில் தேங்கும். துண்டு அதைத் தடுக்காது. எட்டாம் நாள் நண்பகலில் அவர்களில் ஒருவர் தலைசுற்றுகிறது என்று ஏறி வந்து மேல்தளத்தில் படுத்துவிட்டார். அன்று மாலையே கரிம ஆவியை வடிகட்டும் கார்ட்ரிட்ஜ் பொருத்திய முகக்கவசம் இரண்டு வாங்கிக் கொடுத்தேன். புளோயரின் குழாயைக் குழியின் அடிவரை இறக்கி வைக்கச் சொன்னேன். அடியில் நல்ல காற்றைத் தள்ளினால்தான் தேங்கிய ஆவி மேல்வாய் வழியாக வெளியேறும். புளோயர் மோட்டார் குழிக்குள் இல்லாமல் மேல்தளத்தில்தான் இருந்தது, பேட்டரி இணைப்பையும் கழற்றி வைத்திருந்தார்கள், பீடியை யாரும் படகருகே பற்ற வைக்கவில்லை. தீயைப் பற்றி இவ்வளவு கவனமாக இருப்பவர்கள் மூச்சைப் பற்றி அலட்சியமாக இருப்பது எனக்கு வருத்தம் தருகிறது. இவர்களை வேலைக்கு அழைப்பவர்கள் முகக்கவசத்தைத் தாங்களே வாங்கி வைத்து, அதை அணிந்தால்தான் உள்ளே இறங்கலாம் என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும். முகக்கவசம் காற்றோட்டத்திற்கு மாற்றில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, கழிவு. தூரிகை கழுவிய தின்னரை இளைஞர் ஒருவர் மணலில் கொட்டப் போனார். நான் தடுத்தேன். நாங்கள் நின்றிருந்தது மன்னார் வளைகுடாக் கரை. 21 தீவுகளையும் பவளப்பாறைகளையும் கொண்டு 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட கடல் அது. நம் வலையில் விழும் மீனும் நண்டும் அங்கேதான் குஞ்சு பொரித்து வளர்கின்றன. சுரண்டிய பெயின்ட் செதில்களை அவர்கள் சாக்கில் கட்டி வைத்தது நல்லது. தின்னருக்கும் ஒரு டப்பா வைத்திருக்க வேண்டும். சொன்ன பிறகு வைத்தார்கள்.

மூன்றாவது குறை சிறியது. கேபினில் ஏணிக்குப் பின்புறமும், ஐஸ் பெட்டியின் வடிகால் துளையைச் சுற்றிய மூலையிலும் பூச்சு மெலிந்திருந்தது. தூரிகை சரியாக நுழையாத இடங்கள் அவை. அந்த மூலைகளை ரோலர் போடும் முன்பே சிறு தூரிகையால் தனியாக ஒருமுறை அடித்திருக்க வேண்டும்.

பூச்சு முடிந்த பிறகு ஐஸ் ஏற்ற ஏழு நாள்கள் காத்திருந்தோம். தொட்டால் காய்ந்தது போல் இருப்பதும் முழுவதும் இறுகியிருப்பதும் வேறு வேறு. எபாக்ஸி 25 டிகிரியில் முழு வலுவை அடைய ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். அதற்கு முன் ஐஸ் போட்டால் இறுகும் வினை பாதியில் நின்றுவிடும், மீனிலும் வாடை ஏறும். ஏழாம் நாள் ஐஸ் பெட்டியை மூடி வைத்து ஒரு மணி நேரம் கழித்துத் திறந்து முகர்ந்து பார்த்தேன். மரவாடையைத் தவிர வேறில்லை.

பத்து மாதம் கழித்து இன்றைய நிலை இது. ஐஸ் பெட்டியில் ஒரு கொப்புளமும் இல்லை. சவளால் ஐஸ் வாரும்போது பட்ட கீறல்கள் இருக்கின்றன, ஆனால் கீறலிலிருந்து பூச்சு உரியவில்லை. இன்ஜின் ரூமின் வெளிர் சாம்பல் நிறம் நல்ல தேர்வு. ஆயில் ஒரு துளி கசிந்தாலும் உடனே கண்ணில் படுகிறது. கேபினில் வெயில் படாத உள்மூலைகளில் வெள்ளை எனாமல் சற்று மஞ்சளாகியிருக்கிறது. இருளில் அந்த வகைப் பெயின்ட் மஞ்சளாவது இயல்பு. வேலையின் குறை என்று அதைச் சொல்ல மாட்டேன். மாற்றிய பலகைகள் தட்டினால் கணீரென்று ஒலிக்கின்றன. வடிகால் துளை மூலையில் மட்டும் முடி அளவுக்கு ஒரு விரிசல் தெரிகிறது.

தடைக்காலத்தில் இந்த வேலை எளிது என்பதை மறுக்கவில்லை. சித்திரை வெயிலில் பலகை வேர்க்காது, மரம் தானாகக் காய்ந்துவிடும். அப்போது வேறு தொல்லை. குழிக்குள் நெருப்பாகக் கொதிக்கும், கலக்கிய எபாக்ஸி அடித்து முடிப்பதற்குள் குவளையிலேயே இறுகிவிடும், நல்ல கைகளெல்லாம் வேறு படகுகளில் இருக்கும். மார்கழியில் ஓடாவியும் பெயின்டரும் நமக்கு நேரம் ஒதுக்கி நிதானமாக வேலை செய்கிறார்கள். படகு கரையேறி நிற்க நேர்ந்தால், பன்னிரண்டு நாளும் அதற்கு மேல் ஒரு வாரமும் பொறுக்க முடிந்தால், இந்தக் குழுவைப் பனிக்காலத்திலும் தயங்காமல் அழைக்கலாம். மூன்றே நாளில் முடித்துத் தரச் சொல்பவர்களுக்கு இவர்கள் ஒத்துவர மாட்டார்கள்.

வடிகால் மூலையைப் பற்றி மேஸ்திரியிடம் சென்ற வாரம் சொன்னேன். வந்து பார்த்தார், துணியை நனைத்துத் துடைத்தார், அருகில் உட்கார்ந்தார். மழை ஓயட்டும், தையில் நல்ல வெயில் நாளாகப் பார்த்துக் கூலியில்லாமல் அடித்துத் தருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.